பக்கத்து இருக்கைத் தலை

"உங்கள் மகளின் தலையில் பேன் உள்ளது. கவனிக்கவும்."

மகளின் டைரியில் பச்சை மையில் எழுதியிருந்த அந்த வரியை விரலால் தட்டியபடியே பார்லர்காரி மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தாள்.

பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். வகுப்பு டீச்சர் மட்டும் தனியாக உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள்.

உட்காரக் கிடைத்தது பிள்ளைகளின் பெஞ்சு. முழங்கால் மோவாயை இடித்தது. அந்த நிலையிலும் பார்லர்காரி கோபத்தைக் கீழே இறக்கிவைக்கவில்லை.

அவளுக்கு இது வெறும் பேன் விவகாரம் இல்லை. இரண்டு தெரு தள்ளி அவள் நடத்துவது பெண்களுக்கான அழகு நிலையம். ஊரில் பாதித் தலைகள் அவள் கையில். சொந்த மகளுக்கே பேன் என்று ஒருத்தி காதில் விழுந்தால் போதும். நாளை முதல் நாற்காலிகளைத் துடைத்துத் துடைத்து அவளே உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

போதாக்குறைக்கு, அந்த வரியைப் படித்ததிலிருந்து அவளுக்கும் தலை அரித்தது. டீச்சர் முன்னால் சொறிந்துவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் கைப்பைக்கு அடியில் சிறைவைத்திருந்தாள்.

"எங்க வீட்டுல பேன் உருவாகாது டீச்சர். பக்கத்துல உக்கார்றாளே, முன்பல் விழுந்த பொண்ணு, அவகிட்டேருந்துதான் வந்திருக்கு."

காலையில் இதை மகளிடமிருந்து கறப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. மகள் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டது.

டீச்சர் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தாள். பிள்ளைகள் தோளில் கை போட்டு, தலையோடு தலை முட்டி, யாரை முதலில் தோற்கடிப்பது என்று ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்கள். பேன்களைப் பொறுத்தவரை அது பஸ் ஸ்டாண்டு. ஏறுவதும் இறங்குவதும் அவரவர் சௌகரியம்.

"யார்கிட்டேருந்து யாருக்குன்னு சொல்ல முடியாதும்மா. பதினாலு பேருக்கு இருக்கு."

பதினாலு என்ற எண்ணிக்கை பார்லர்காரியைத் தணிக்கவில்லை. மற்ற பதிமூன்று தலைகளுக்கும் தலைமையகம் அந்தப் பெண்ணின் தலைதான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

"அவ அம்மா என்னதான் பண்றா? பெத்த பொண்ணு தலையில கை வைக்கக்கூட நேரமில்லாம அப்படி என்ன வெட்டி முறிக்கிறா?"

"வேலைக்குப் போறாங்க."

"நானுந்தான் போறேன். பேரன்ட்ஸ் மீட்டிங்ல ஒரு தடவையாவது அந்த மகராசிய நான் பாத்திருப்பேனா? ஊரார் பிள்ளைக்குப் பேன் குடுக்க மட்டும் தெரியுது."

டீச்சர் ஒரு கணக்குக்குச் சரி போட்டாள். பிறகு அதை அடித்துவிட்டுத் தப்பு போட்டாள்.

பார்லர்காரிக்கு உற்சாகம் கூடியது. எதிர்த்துப் பேசாத ஆளிடம் சண்டை போடுவது தனி சுகம். சுத்தம், பொறுப்பு, வளர்ப்பு என்று ஒரு சுற்றுப் போய்வந்து, மகளின் இருக்கையை மாற்றாவிட்டால் தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று முடித்தாள்.

"மாத்திடறேன்," என்றாள் டீச்சர்.

ஜெயித்தாயிற்று. எழுந்து போயிருக்கலாம். ஆனால் வாயில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"எனக்கு மட்டும் எழுதி அனுப்புனீங்க. அவளுக்கு அனுப்புனீங்களா?"

டீச்சர் எழுந்தாள். பெஞ்சின் மறுமுனையில் தொங்கிய அந்தப் பெண்ணின் பையிலிருந்து டைரியை எடுத்துப் பக்கத்தைப் புரட்டிக் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

நேற்றைய தேதி. அதே வரி, அதே பச்சை மை. அதன் கீழே வகுப்பாசிரியரின் கையெழுத்து.

அதற்கும் கீழே, பெற்றோர் பதில் எழுதும் இடத்தில், இப்படி எழுதியிருந்தது:

"நோட்டு திருத்த உட்கார்ந்ததில் நேற்று பார்க்க முடியவில்லை. இன்று கண்டிப்பாகப் பார்த்துவிடுகிறேன். மன்னிக்கவும்."

அதுவும் பச்சை மைதான். அதன் கீழே இருந்ததும் வகுப்பாசிரியரின் கையெழுத்துதான்.