நாலாம் நம்பர் கவுண்டர்

"உங்க உச்சரிப்பு சரியில்லை சார். நாலாம் நம்பர் கவுண்டருக்குப் போங்க."

வாத்தியார் தம் காதை நம்பவில்லை. காதில் கோளாறு ஒன்றும் இல்லை. போன வாரம்தான் பரிசோதித்திருந்தார்.

அந்த அலுவலகத்தில் மொழிக்கு ஒன்றாக நான்கு கவுண்டர்கள். ஒன்றாம் நம்பர், ஊரே பேசுகிற பெரிய மொழிக்கு. நாலாம் நம்பர், எங்கோ சில குடும்பங்கள் மட்டும் பேசுகிற மொழிக்கு. வாத்தியார் முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் நடத்தியது பெரிய மொழி. நாலாவதில் அவருக்கு வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது.

"தம்பி, நான் பேசறது எந்த மொழின்னு நினைக்கிறீங்க?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்" என்றார் குமாஸ்தா, நிமிராமல்.

"நான் மொழி வாத்தியார். உங்க அப்பாவுக்கே பாடம் எடுத்திருப்பேன்."

"அதான் அவர் அப்படிப் பேசறாரா?"

வரிசை சிரித்தது. வாத்தியாரின் காது மடல் சிவந்தது.

அவர் வந்தது, ஓய்வூதியத்துக்காக, தாம் உயிரோடு இருப்பதாக ஒரு சான்று வாங்க. இன்று மாதக் கடைசி. அலுவலகம் மூடுவதற்குள் வாங்காவிட்டால், அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர் காலமானவர்.

சற்று முன்னால்தான் இதே குமாஸ்தா, கைக்குழந்தையோடு வந்து, பெரிய மொழி தெரியாமல் கையாலேயே பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை, "வாம்மா" என்று எழுந்து வந்து நாலாம் நம்பர் வரை கொண்டுபோய் விட்டார். அவளுக்கு ராஜ மரியாதை. தமக்கு இது.

"புகார்ப் புத்தகம் எங்கே இருக்கு?"

"அதுவும் நாலாம் நம்பர்லதான்."

நாலாம் நம்பரில் இருந்த பெண் குமாஸ்தா பெரிய மொழியிலேயே வரவேற்றாள். "வாங்க ஐயா. முதல்ல இந்தப் பதிவேட்டுல கையெழுத்துப் போடுங்க."

"நான் முதல்ல புகார் எழுதணும்."

"அதுக்கும் கையெழுத்து உண்டு ஐயா."

போட்டார். அந்த மாதத்தின் வரிசை எண் தொண்ணூற்றொன்பது.

புகார்ப் புத்தகத்தைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் அதே குமாஸ்தா. 'மூக்கால் பேசுகிறேனாம்' என்று ஒருவர். 'எங்கள் வீட்டில் வேறு மொழியே கிடையாது' என்று இன்னொருவர். வானொலியில் செய்தி வாசிக்கும் ஒருவர் மூன்று பக்கம் குமுறியிருந்தார். வாத்தியார் பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து எல்லாருடைய எழுத்துப் பிழைகளையும் திருத்தினார். பிறகு தம் புகாரை, பிழையில்லாமல், ஒன்றரைப் பக்கம் எழுதினார்.

பக்கத்தில் அந்தக் கைக்குழந்தைக்காரி பெண் குமாஸ்தாவிடம் தன் மொழியில் மடைதிறந்தாற்போல் பேசிக்கொண்டிருந்தாள். நடுநடுவே சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னவாம் அந்தத் தங்கச்சிக்கு?"

"குழந்தையோட பிறப்புச் சான்றிதழ்ல ஆண்னு எழுதிட்டாங்க. இது பொண்ணு. மூணு ஆபீஸ் ஏறி இறங்கி, கையாலயே சொல்லிப் பார்த்திருக்காங்க. பொம்பளைப் பிள்ளைங்கறதைக் கையால எப்படி ஐயா சொல்றது?"

அணி இலக்கணம் முழுவதும் தெரிந்த வாத்தியார் கையை ஒருமுறை தூக்கிப் பார்த்து, இறக்கிக்கொண்டார்.

"நல்ல வேளை, நீங்க இருக்கீங்க" என்றார்.

"நாளைக்கு இருப்பேனான்னு தெரியலை." அவள் சுவரைக் காட்டினாள். மொழித் திட்டக் குழுவின் சுற்றறிக்கை. மாதத்தில் நூறு பேருக்குக் குறைவாக வரும் கவுண்டர், மறுநாள் முதல் மூடப்படும்.

"இந்த மொழி மட்டும் தெரிஞ்சவங்க மாசத்துக்கு முப்பது பேர் வந்தா அதிகம் ஐயா."

"ஆனா நான் தொண்ணூற்றொன்பதாவது ஆளாச்சே."

அவள் ஒன்றாம் நம்பர் பக்கம் பார்த்தாள். அங்கே வரிசை தீர்ந்துவிட்டது. குமாஸ்தா நாற்காலியை விட்டு எழுந்து, கழுத்தை நீட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தில் இன்னும் ஏழு நிமிஷம்.

வாத்தியாருக்கு மெல்ல விளங்கியது.

"இங்க வந்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்லி எல்லார்கிட்டயும் வாய்விட்டே கேட்டிருக்கலாமே அம்மா?"

"ஆரம்பத்துல கேட்டுப் பார்த்தோம் ஐயா. 'எனக்கென்ன வந்தது'ன்னு போயிட்டாங்க. அப்புறம் அவர்தான் இந்த வழியைக் கண்டுபிடிச்சார். கெஞ்சினா வராதவங்க, சீண்டினா ஓடி வந்துடறாங்க."

வாத்தியார் தம் புகாரின் கடைசி வரியை அடித்தார். குமாஸ்தாவை உடனே இடம் மாற்றச் சொன்ன வரி அது. பெண் குமாஸ்தா முத்திரை குத்திக் கொடுத்த, தாம் உயிரோடு இருக்கும் சான்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார்.

படியேறி ஒருவன் மூச்சு வாங்க ஓடி வந்தான். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஐயா, என்னைத் தெரியலையா? பத்தாம் வகுப்புல பேச்சுப் போட்டி. உச்சரிப்புக்கு நீங்கதான் முதல் பரிசு கொடுத்தீங்க. அந்தக் கோப்பை இன்னும் எங்க வீட்டுக் கூடத்துல இருக்கு." கண்ணாடியில் தெறித்த முத்துப்போல ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழுந்தது. "ஒன்றாம் நம்பர் கவுண்டர் எந்தப் பக்கம் ஐயா?"

முப்பத்தாறு வருஷத்தில் வாத்தியார் தாம் போட்ட மதிப்பெண்ணைத் திருத்தியதே கிடையாது.

"அன்னிக்குப் பரிசைத் தப்பாக் கொடுத்துட்டேன்பா" என்றார். "உன் உச்சரிப்பு சரியில்லை. நாலாம் நம்பருக்குப் போ."