நகல் தளத்துக் கல்யாணம்

யோக்யகர்த்தா நாடக அரங்கின் இணையதளத்தில் நாட்காட்டி, டிக்கெட் விற்கும் பிளக்இன் இரண்டையும் அப்டேட் செய்ய வேண்டும். நேரடித் தளத்தில் கை வைத்தால் விற்பனை படுத்துவிடும் என்று, ஆர்யோ வழக்கம்போல, சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் நகல் தளத்தில் ஆரம்பித்தான். அதிலிருந்து யாருக்கும் மெயில் போகாதபடி பூட்டினான். சோதனைக்காக ‘ஆர்யோ – லாராஸ் திருமணம்’ என்று ஒரு நிகழ்ச்சியைப் போட்டு, அம்மாவின் மெயில் முகவரிக்கு ஒரு டிக்கெட்டும் பதிந்தான். பக்கத்து மேசை லாராஸை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

போன் அடித்தது. அம்மா!

“ஏன்டா, பெத்தவளுக்கே கல்யாண டிக்கெட் அனுப்புறியா? அந்தப் பொண்ணை எப்படா வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றே?”

ஆர்யோ ஓடிவந்தான். “லாராஸ், சத்தியமா நான் மெயிலைப் பூட்டித்தான் வெச்சேன்...”

“நான்தான் திறந்துவிட்டேன்” என்றாள் லாராஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒவ்வொரு அப்டேட்டுக்கும் என்னை நகல்லயே கட்டிக்கிட்டு அழிச்சிட்டிருந்தா, நிஜத்துல எப்பக் கட்டிக்கிறதாம்?”