நாற்பது வருட வாடிக்கை

“ஒன்பது மணின்னு சொன்னீங்க. எட்டு நாப்பதுக்கே வந்துட்டு, கார்லயே உட்கார்ந்திருந்தீங்க. இந்தக் குளிர்ல உங்களுக்கென்ன பைத்தியமா?” என்றாள் ஆர்லிஸ், கதவைத் திறந்தபடி.

வந்தவர் தொப்பியைக் கழற்றினார்.

“என் பேர் கர்ட். ஹீட்டர் விஷயமா கம்பெனியிலேர்ந்து போன் பண்ணியிருந்தேன்.”

“தெரியும். பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வாங்க. காபி?”

“வேண்டாம்மா.”

“கொஞ்சம்?”

“சிரமப்படாதீங்க.”

“போட்டே வச்சிருக்கேன்.”

“வேண்டாம்மா.”

ஆர்லிஸ் அவரை உற்றுப் பார்த்தாள். மினசோட்டாவில் இரண்டு முறை மறுப்பது மரியாதை. மூன்றாம் முறையும் மறுத்த ஒருவரை அவள் அறுபத்தெட்டு வயதில் பார்த்ததில்லை. மறுபடி கேட்காமலே ஒரு கோப்பையை நிரப்பி அவர் முன் வைத்தாள்.

“சுத்திப் பாருங்க. அடுப்பு, ஃபிரிட்ஜ், துணி துவைக்கிற மெஷின், எல்லாம் உங்க கம்பெனிதான். கல்யாணத்துக்கு வாங்கின அடுப்பு இன்னும் எரியுது. எங்க வீட்டுக்காரர் வெண்டல் வேற கம்பெனிப் பேரை வீட்டுக்குள்ள விடமாட்டார்.”

“பார்த்தேன்மா. போன மார்ச்ல நாங்க ஒரு புது ஹீட்டர் அனுப்பினோமே…”

“கராஜ்ல இருக்கு. பெட்டியைப் பிரிக்கவே இல்ல. ஏரி உறைஞ்சா அந்த ஐஸ் மேலயே குடிசை போட்டு, உள்ள ஹீட்டரை எரியவிட்டு மீன் பிடிக்கப் போறவர் அவர். அவரே போயிட்டார், எனக்கெதுக்கு?”

“அதை நான் எடுத்துட்டுப் போகணும்.”

“கொடுத்ததைத் திரும்பக் கேக்கறீங்களா?” அவள் சிரித்தாள்.

“அந்த மாதிரி ஹீட்டர் எல்லாத்தையும் திரும்ப வாங்கறோம்மா. அதுல கோளாறு இருக்கு.”

“கோளாறும் இல்ல, மண்ணும் இல்ல. எவனாவது காத்துத் துவாரத்தை மூடிட்டுத் தூங்கியிருப்பான். அப்புறம் ஹீட்டர் மேல பழி. எங்க வீட்டு ஆளு செஞ்ச அதே வேலை.”

கர்ட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

“நாப்பது வருஷமா சொன்னேன். குடிசைக்குள்ள ஹீட்டர் எரிஞ்சா துவாரம் திறந்திருக்கணும், விஷக்காத்து வெளியில போகணும். தலையை ஆட்டுவார். கடைசியில மூடிட்டுத்தானே படுத்தார்? இத்தனைக்கும் மறுநாள் எங்க பேத்திக்கு ஞானஸ்நானம்.”

“மூடியிருந்ததுன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“நீங்கதான். போலீஸ் ஷெரிஃப் அந்தக் குடிசை ஹீட்டரை உங்ககிட்டதானே அனுப்பினார்? நீங்க சோதிச்சுப் பார்த்து எழுதினீங்களே.” அவள் குரல் உயர்ந்தது. “லைல்னு ஒருத்தன், அவரோட மீன் பிடிக்கிறவன். மறுநாள் குடிசைக்குள்ள முதல்ல போனது அவன்தான். சர்ச்சுல, அடக்கம் முடிஞ்சு சாப்பிடற இடத்துல வந்து, துவாரம் திறந்துதான் இருந்துச்சுன்னான். சிநேகிதனைக் காப்பாத்தறானாம்! உங்க கடிதம் வந்ததும் போன் பண்ணிக் கேட்டேன். இந்தப் பொய் உனக்கெதுக்குடான்னு. அன்னியிலேர்ந்து அவன்கூடப் பேச்சில்ல.”

“கல்லறைக்குப் போறீங்களாம்மா?”

விசித்திரமான கேள்வி. ஆனாலும் பதில் சொன்னாள்.

“கடிதம் வந்தப்புறம் போகல. போனா சண்டைதான் போடுவேன். அங்க நின்னு சத்தம் போட்டா ஊர் என்ன நினைக்கும்?”

கர்ட் கோட்டுப் பையிலிருந்து சிறிய அட்டை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். நீலப் பூப் போட்டது. அவள் கையெழுத்து.

“அட, என் நன்றி அட்டை! இதை இன்னுமா வச்சிருக்கீங்க?”

“படிச்சேன்மா. ‘என் கணவரின் கவனக்குறைவால் உங்கள் நல்ல பெயருக்கு இடைஞ்சல் வந்திருந்தால் மன்னிக்கவும்’னு எழுதியிருந்தீங்க.”

“பின்னே? ஹீட்டரும் அனுப்பி, கம்பளியும் அனுப்பி, இவ்வளவு பெரிய கடிதமும் எழுதினவங்களுக்கு ஒரு வரி எழுத வேண்டாமா?” எழுந்துபோய் அலமாரி இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்து வந்தாள். மடிப்புகள் நைந்திருந்தன. “எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கு பாருங்க. ‘நாற்பது ஆண்டு வாடிக்கையாளர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்.’ இப்பல்லாம் எந்தக் கம்பெனி இப்படி எழுதுது?”

“அதை எழுதினது நான்தாம்மா.”

“நீங்களா!” அவள் முகம் மலர்ந்தது. “வந்ததும் சொல்ல வேண்டாமா? உங்களை ஒரு தடவை பார்த்து நன்றி சொல்லணும்னு இருந்தேன். இந்த வருஷத்தை நான் தாண்டினதே இந்தக் கடிதத்தாலதான். யார் மேல கோபப்படறதுன்னாவது தெரிஞ்சுதே. முதல்ல காபியைக் குடிங்க.”

அவர் கோப்பையைத் தொடவில்லை.

“அம்மா, நேத்து வேலையை விட்டுட்டேன். இங்க என்னை யாரும் அனுப்பல. ஹீட்டரை யாரும் திரும்ப வாங்கவும் இல்ல, இன்னும் வித்துக்கிட்டுத்தான் இருக்காங்க.” அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “சோதனையில எங்க ஹீட்டர்தான் விஷக்காத்தைக் கக்கினது. அந்தத் துவாரம் முழுசாத் திறந்திருந்தாலும் அதுக்குப் போதாது. ஷெரிஃப் எடுத்த படமும் எங்ககிட்ட இருந்தது. துவாரத்தோட மூடி திறந்தபடியே ஐஸ் கட்டிக் கிடந்தது. ராத்திரி முழுக்கத் திறந்திருந்தாத்தான் அப்படி உறையும். அதைப் பார்த்தப்புறமும், மூடியிருந்ததுன்னு அந்தக் கடிதத்தை எழுதினேன்.”

ஆர்லிஸ் கடிதத்தை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“அப்போ வெண்டல் எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சாரா?”