சீர் வந்த குண்டான்

கோம்பையில் ஜோதிலட்சுமி வீட்டில் ஒரு குடும்பச் சினிமாவின் சூட்டிங் நடந்து ஒன்றரை வருடமாகிறது. ஊரையே சிரிக்க வைக்கிற நடிகர் அதில் மருமகளை வதைக்கும் மாமனார். படம் இப்போதுதான் வெளிவந்து, தேனி தியேட்டரில் புருஷன் செல்லப்பாண்டியோடு பார்த்தாள். திரையில் அவர் அவளுடைய அடுப்படிக்குள் நுழைந்து, குண்டானில் கொதிக்கிற ரசத்தில் வெற்றிலை எச்சிலைக் காறித் துப்பிக் கரண்டியால் கலக்கினார். துப்பியது அவர் என்பதால் தியேட்டரே சிரித்தது.

ஜோதிலட்சுமி குண்டானையே உற்றுப் பார்த்தாள். அது போன மாதம் மகளின் காதுகுத்துக்கு ஜோதிலட்சுமியின் அண்ணன் தாய்மாமன் சீராகக் கொண்டுவந்தது. அதில் வெட்டியிருந்த காதுகுத்துத் தேதிகூடத் திரையில் தெரிந்தது.

"ஏங்க, அது நம்ம குண்டானுங்க. சூட்டிங் அப்ப அது ஏது?"

"எல்லாம் ஒண்ணுபோலத்தேன் இருக்கும். பேசாமப் பாரு."

மத்தியானம் வீட்டில் அதே குண்டானில் வைத்த ரசத்தை மூன்று தரம் வாங்கிக் குடித்திருந்த செல்லப்பாண்டி ஏப்பம் விட்டான். வெற்றிலையே தொடாதவன் வாயிலிருந்து வெற்றிலை வாடை அடித்தது.