கார் திருடத் தெரியாதவர்

“திருட்டுத் தொழில் சொல்லிக் குடுக்கற கடை இதுதானா?”

ஜங்ஷன் ரோட்டு பிரவுசிங் சென்டர் வாசலில் நின்று ஆண்டாள் போட்ட சத்தத்தில், உள்ளே மெயில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பீங்கான் பொம்மைக் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் ஒட்டியிருந்த வெள்ளை மண்ணைக்கூடக் கழுவவில்லை.

“வாங்கக்கா, உக்காருங்க” என்றான், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கடைக்காரன் பைரோஸ்.

ஒரு பொம்பளை வந்து நிற்கிறாள், எழுந்திருக்கக்கூட இல்லை. மரியாதை தெரியாதவன் என்று ஆண்டாள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

“எங்க வூட்டுக்காரரு தெனம் இங்கதான் வந்து கெடக்குறாராம். கார் திருடுறது, ஆளை அடிக்கறது, பணத்தப் புடுங்கறதுன்னு கம்ப்யூட்டர்ல ஒரு ஆட்டமாம். பக்கத்து வூட்டுப் பாண்டியன் சொல்றான். தலை நரைச்ச மனுசனுக்கு இது தேவையா?”

தலை நரைத்த மனுஷர் விருத்தகிரி, அடுத்த கம்ப்யூட்டரில்தான் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

“மங்கலம்பேட்டை மினி பஸ்ஸு ஓட்டுனவருப்பா இவரு. போன ஆடியில எவனோ ஒருத்தன் லாரிய முந்தறேன்னு பைக்குல வந்து பஸ்ஸுல மோதிட்டான். ‘ஓடிடுண்ணே, அடிப்பாங்க’ன்னு கண்டக்டர் சொல்லியும் ஓடல. அதே பஸ்ஸுல அவனைப் படுக்க வெச்சு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கிட்டுப் போனாரு. அவனைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுட்டுப் போயிட்டாங்கன்னு கேள்வி. அதோட சரி. ஸ்டீரிங்கத் தொட்டாலே இவருக்குக் கை நடுங்குது. திங்கக்கிழமை வண்டி எடுக்கலன்னா வேற டிரைவரப் போட்டுடுவேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. இவரு என்னடான்னா இங்க உக்காந்து ஆடிக்கிட்டிருக்காரு!”

“அந்த பைக்குக்காரன் மேலதான்க்கா முழுத் தப்பும்.”

“தெரியும். அவன் மேல கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டியாச்சு. உம் பேர்லயும் ஒண்ணு கட்டிடுவேன், பாத்துக்க.”

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டினால் சாமியே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் என்பார்கள். போலீசுக்குப் பயப்படாதவர்கள்கூட இந்தப் பக்கம் அதற்குப் பயப்படுவார்கள்.

பைரோஸின் முகம் வாடிப்போனது.

“கட்டுங்கக்கா. அதுக்கு முன்னாடி அண்ணன் ஆடறத ஒரு தடவ பாத்துடுங்க. இதுல பணம் சம்பாதிக்க நெறைய வழி இருக்குது. ரோட்டுல போறவனை அடிச்சா நோட்டு விழும். துப்பாக்கியக் காட்டுனா கடைக்காரன் கல்லாவக் குடுத்துடுவான். காரைத் திருடி வித்தா இன்னும் ஜாஸ்தி. உங்க பாண்டியன் இதெல்லாம் பண்ணித்தான் லட்சாதிபதியா இருக்கான்.”

கோள் சொன்னவன் யோக்கியதை இதுதானா? ஆண்டாள் மனசுக்குள்ளேயே பாண்டியனுக்கும் ஒரு பிராது எழுதினாள்.

“அண்ணன் டாக்சி மட்டுந்தான் ஓட்டுவாரு. ஆளை ஏத்தி எறக்கி வர்ற வாடகைதான் அவரு சம்பாத்தியம். இதுல டாக்சி வேணும்னா டிரைவரை வெளிய இழுத்துப் போடணும். ‘வண்டி ஓட்டிப் பொழைக்கறவன நான் இழுக்க மாட்டேன்டா’ன்னுட்டாரு. அந்தப் பாவத்த மட்டும் தெனம் நான் பண்ணிக் குடுத்துடறேன்.”

ஆண்டாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“ஆட்டத்துல வர்றது வலது பக்கம் போற ஊரு. இவரு நம்ம பழக்கத்துல இடது பக்கமே போயி, எதிர்ல வர்ற வண்டி பூரா இவரு மேலதான். மொத நாளே ஒரு ஆளத் தட்டிட்டாரு. அப்படியே எழுந்து வெளிய போயி அழுதாருக்கா. மறுநாள் கெஞ்சிக் கூப்புட்டேன். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கை நின்னுச்சு.”

சொல்லிக்கொண்டே வந்தவன் திரையைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினான்.

டாக்சியைக் காணோம். விருத்தகிரி ஒரு வெள்ளை வண்டியில் போய்க்கொண்டிருந்தார். மேலே விளக்குச் சுழன்றது.

“ஆம்புலன்ஸுக்கா! அடிபட்டவங்கள ஆஸ்பத்திரியில சேத்தா அதுக்கும் பணம் உண்டு. இத்தன நாளா அத மட்டும் தொட மாட்டேன்னாரு.”

ஆண்டாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வண்டி வளைந்து, ஒதுங்கி, யார் மேலும் இடிக்காமல் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. பொத்தான்களின் மேலிருந்த விருத்தகிரியின் விரல்களும் நடுங்காமல் நின்றன.

ஹெட்போனைக் கழற்றியவர் எதிரில் மனைவியைப் பார்த்தார்.

“சேத்துட்டேன் ஆண்டாளு.” கண் கலங்கியிருந்தது. “மொதலாளிகிட்ட சொல்லிடு. திங்கக்கிழமை வண்டிய நானே எடுக்கறேன்.”

ஆண்டாள் மண் படிந்த கையோடு பைரோஸைக் கும்பிட்டாள்.

“நீ நல்லா இருக்கணும்ப்பா. தெரியாம என்னென்னவோ பேசிட்டேன். பெத்த புள்ளகூட இவ்ளோ பாக்காது. எங்களுக்கு நீ யாரு?”

பைரோஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

“மொத ட்ரிப்புல நீயும் வரணும் பைரோஸு” என்றார் விருத்தகிரி.

பைரோஸ் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு ஊன்றுகட்டையை எடுத்துக் கக்கத்தில் கொடுத்து, முதல்முறையாக எழுந்து நின்றான். பேண்ட்டின் வலது கால் முழங்காலுக்குக் கீழே மடித்துத் தைக்கப்பட்டிருந்தது.

“வராம இருப்பேனாண்ணே? அன்னிக்கு நீங்க ஓடியிருந்தா நான் ஏது? போன தடவ உங்க பஸ்ஸுல படுத்துக்கிட்டு வந்தேன். இந்தத் தடவ உக்காந்துக்கிட்டு வரேன்.”

ஆண்டாள் அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவசரமாகச் செருப்பை மாட்டினாள்.

“எங்க கெளம்பிட்ட?” என்றார் விருத்தகிரி.

“மணவாளநல்லூருக்கு. பிராத வாபஸ் வாங்கணும்.”