கல்லு வருது

முறிந்த என் காலுக்குள் வைத்திருந்த கம்பிக்காக, அந்த அயல்நாட்டு விமான நிலையத்தின் சோதனை வாசல் மறுபடியும் அலறியது. அதிகாரி என் நெஞ்சில் கைவைத்து நிறுத்தினார். எனக்கு முன்னால் அந்தப் பக்கம் போய்விட்ட சின்னவள் பூவிழி, யாரோ இழுத்துப்போன நீலப் பெட்டியின் பின்னால் கூட்டத்துக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

“தங்கச்சியப் பிடிடி,” என்றேன் பெரியவளிடம்.

“நீதானப்பா பைய விட்டு நகராதேன்ன.”

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சின்னவள் திரும்பவில்லை. கட்டட வேலைச் சாரத்தடியில் வளர்ந்தவளுக்கு, மேலிருந்து கல் விழும்போது போடும் ஒரு சத்தம்தான் உறைக்கும். அடிவயிற்றிலிருந்து அதைக் கத்தினேன்.

“கல்லு வருது, உக்காரு.”

ஊர் திரும்பும் நம்மூர்க் கட்டட வேலையாட்கள் அத்தனை பேரும் தலையைப் பொத்திக்கொண்டு குந்தினார்கள். அவர்களுக்கு நடுவே பூவிழியும். துப்பாக்கிக்காரர்கள் என்னை நோக்கி ஓடிவந்தார்கள். அவளருகே குந்தியிருந்த முன்பின் தெரியாத ஒருவர், தன் தலையிலிருந்து ஒரு கையை எடுத்து அவள் தலைமேல் வைத்தார்.