கேட்டருகே சால்வை

ஆயுத பூஜை முடிந்து, அம்பத்தூர் எஸ்டேட்டின் தகரக் கூரைகளில் மாலை வெயில் சாய்கிறது. கம்பெனியின் லேத் மெஷின்களில் அப்பிய சந்தனம் இன்னும் காயவில்லை. "துலுக்கானம் மாதிரி விசுவாசமான ஆள் எனக்குக் கிடைக்கமாட்டான்" என்று மைக்கில் சொல்லி முதலாளி போர்த்திய சால்வையோடு, துலுக்கானம் தன் மனைவி நாகம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பி கேட்டுக்கு வருகிறார். வருஷத்தில் இன்று மட்டும்தான் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். "கையத் தூக்கு அண்ணாத்தே" என்கிறான் வாட்ச்மேன். அவர் தூக்குகிறார். சால்வைக்குள் நுழைந்த கைகள் அக்குளிலிருந்து இடுப்புவரை தடவி இறங்குகின்றன. பிறகு நாகம்மாவின் கையிலிருந்த பொரிப் பையை வாங்கி அடிவரை கிளறுகிறான். கொஞ்சம் பொரி மண்ணில் சிந்துகிறது. நாகம்மாவின் முகம் சுண்டிப்போகிறது.

"தெனமும் இப்டித்தானா?"

"எல்லாருக்கும்தான். பித்தளை திருடு போவுதாம்."

"விசுவாசம்னு அவ்ளோ பேர் எதுர்ல சொன்னாரே. அப்ப உம்மேல நம்பிக்கை இல்லியா?"

துலுக்கானம் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். "விசுவாசம் நாம அவருக்குக் காட்றது, நாகம்மா. நம்பிக்கை அவரு நம்ம மேல வெக்கணும்."

பின்னால் வரிசையில் நிற்கும் தொழிலாளி, யாரும் சொல்லாமலே, கையைத் தூக்குகிறார்.